வலது முன்மூலைத் துளை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார்ப் பட்டறையின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒருவர் ஸ்டூல் மீது ஏறி நின்று, ஒரு காரின் கூரை மூலையில் காகிதக் குவளையிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு இறங்கி, முன்கதவைத் திறந்து, கீலுக்குக் கீழே மண்டியிட்டுத் தரையைப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. எழுந்து, அங்கே இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதிவிட வேண்டும் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

(அவர் பார்த்த முகங்களில் என்னுடையது இல்லை. நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தேன்.)

தொடக்கங்கள்:

"மூன்று நாட்களாக விடாத மழை" என்று ஒன்று. கூரை ஒழுகும் கதையை மழையில் தொடங்குவதற்கு எழுத்தாளன் எதற்கு? அடித்துவிட்டேன்.

"அவர் நேர்மையானவர்" என்று இன்னொன்று. இப்படி எழுதினால் அடுத்த வரியிலேயே நீங்கள் அவரைச் சந்தேகிப்பீர்கள். நானும்தான்.

"குழாயை அடைத்தது" என்று மூன்றாவது. இது பாதியில் நிற்கிறது. இருக்கட்டும்.

2

பட்டறையில் அவரைக் கூரைக்காரர் என்பார்கள். எஞ்சினைத் தொட மாட்டார். கூரை முழுக்கக் கண்ணாடி போட்டு வருகிற கார்களின் சன்ரூஃப் மட்டும்தான் அவர் வேலை. தண்டவாளம் போன்ற இரண்டு பள்ளங்களில் அந்தக் கண்ணாடி நகரும். அவற்றைத் துடைத்து, பழைய கிரீஸை வழித்து, புதிதாக மெல்லப் பூசுவார். சுற்றியுள்ள ரப்பரை ஈரத் துணியால் துடைப்பார்.

இந்தக் கூரைகளைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம். உள்ளே இறங்கும் தண்ணீர் கண்ணாடியைச் சுற்றிய வாய்க்காலில் ஓடி, நான்கு மூலைத் துளைகள் வழியாகத் தூண்களுக்குள் செல்லும் மெல்லிய குழாய்களில் இறங்கி, காருக்கு அடியில் சொட்டும். அப்படிச் சொட்டினால்தான் கூரை நலமாக இருக்கிறது என்று அர்த்தம். குழாயில் தூசியும் சருகும் சேர்ந்தால், புல்வெட்டும் கருவியின் நைலான் இழையை விட்டுப் பக்குவமாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தமாகக் காற்றடித்தால், உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும். பிறகு தண்ணீரெல்லாம் காருக்குள்தான்.

கூரைக்காரர் காற்றடித்தார் என்பதே அவர் மீதுள்ள புகார். புகார் கொடுத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். (மருந்துக்கடைக்காரர்தான் வேண்டுமா? பொட்டலத்தில் தேதி பார்க்கிறவர், எதையும் எளிதில் நம்பாதவர். அதற்காக வைத்தேன். அவரை இப்போதே நீங்கள் வெறுக்க வேண்டாம்.)

3

பட்டறை முதலாளி, கூரைக்காரரின் அக்காள்.

"என்னடா தரையவே பாத்துட்டிருக்க? எதையாவது கீழ போட்டியா?"

"தண்ணியத் தேடுறேன்க்கா."

"அது சீட்டுக்கு அடியில குளமா நிக்குது, அங்க போய்த் தேடு. மருந்துக்கடைக்காரர் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்காரு. படிச்சா எனக்கே உன்மேல கோவம் வருது."

"நான் காத்தே அடிக்கலக்கா. இழைதான் விட்டேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"அது வேற வண்டி. அதுல ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு."

"எனக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான். தம்பிங்கறதால கண்டுக்காம விடுறேன்னு என் முதுகுக்குப் பின்னால பேசுறாங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவரு வண்டி எடுக்க வராரு. தப்பு உன் பக்கம்னா, திங்கக்கிழமையிலேர்ந்து கூரை வேலைய என் மருமகன் பாக்கட்டும். நீ டயர் கழட்டு."

"அவருக்கு உருப்படியாக் கண்ணாடி தொடைக்கவே வராதுக்கா."

"உனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சாக்கும்."

அக்காள் போனபின் அவர் வலது முன்மூலைத் துளையில் இழையை விட்டார். தூணுக்குள் தடையின்றி இறங்கிய இழை, கடைசியில் ஒரு விரற்கடை தூரம் இருக்கும்போது நின்றது. சருகு என்றால் மெத்தென்று இடிக்கும். இது கல் மாதிரி இடித்தது. கீழே படுத்து, குழாயின் ரப்பர் முனையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் ஓட்டையை அடைக்க இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுவார்களே, அந்தப் பசை. காய்ந்து, புறா முதுகின் சாம்பல் நிறத்தில் இருந்தது. யாரோ நன்றாக அழுத்தி அடைத்திருந்தார்கள். அழுத்திய கட்டைவிரலின் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது.

(அந்தப் பசை என்ன நிறத்தில் காயும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

அவர் அதைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிடும்போது அக்காளுடைய மருமகனின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, சாப்பாட்ட விட்டுட்டு என் கையப் பாக்குறீங்க? ஜோசியமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நகம் வெட்டு."

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். அக்காளின் மருமகனைப் போடலாம், ஆனால் வேலைக்கு ஆசைப்பட்டுச் சதி செய்கிறவரை நீங்கள் ஆயிரம் கதையில் பார்த்திருப்பீர்கள். யோசித்து, மருந்துக்கடைக்காரரின் மாமனாரைக் கொண்டுவந்தேன். ஓய்வு பெற்ற பிளம்பர். நாற்பது வருடம் சொட்டுகிற குழாயை எங்கே கண்டாலும் அடைத்தே பழகியவர். தன் மருமகனான மருந்துக்கடைக்காரரின் கார் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கிறார். கேட்காமலேயே உதவுகிறார்.

முடிவு அ: பெரியவர் தானே பட்டறைக்கு வந்து, "நான்தான் தாயி அடைச்சேன். நல்லதுன்னு நெனச்சேன்" என்கிறார். அக்காள் சிரிக்கிறார். எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள்.

முடிவு ஆ: பெரியவருக்கு அடைத்ததே நினைவில்லை. கூரைக்காரர் டயர் கழற்றப் போகிறார்.

முடிவு இ: கூரைக்காரர்

இ நகரவில்லை. அ-வை மூன்று முறை திருத்தி எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததால்தான் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பிளம்பருக்கு, சொட்டுவதற்கென்றே வைத்த குழாய் எது, ஒழுகுகிற குழாய் எது என்று தெரியாதா? அவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பார். தெரியாமல் அடைப்பவன், குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததாக நினைப்பவனாக இருக்க வேண்டும்.

5

மாமனார் இல்லை. மருந்துக்கடையும் இல்லை. கார் என்னுடையது.

கூரைக்காரர் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, கழுவிய ஒவ்வொரு முறையும் கதவடியில் சொட்டியது; ஓட்டை என்று அடைத்தேன். அடுத்த மழையில் கூரைத் துணி தேநீர் நிறமானது. ஒரு முழுப் பக்கம் புகார் எழுதினேன். எழுதுவது என் தொழில். அதனால் படித்தவர்கள் நம்பினார்கள். காத்திருப்பு அறையில், அவர் மண்டியிட்ட இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. செய்தித்தாளை உயர்த்தினேன்.

நேற்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து அந்தக் காய்ந்த பசைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்க வண்டியில இருந்துச்சு சார்."

"இத உங்க அக்காகிட்டல்ல காட்டணும்?"

"நான் காட்டுனா நானே செஞ்சு வச்சேன்பாங்க. வச்சவங்க சொன்னாத்தான் எடுபடும்."

"நான்தான் வச்சேன்னு சொல்றீங்களா?"

"நான் எங்க சார் சொன்னேன்?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சனிக்கிழமை பதினோரு மணி சார்" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. அக்காளுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதற்குப் பதிலாக, காலையிலிருந்து நீங்கள் இதுவரை படித்த அத்தனையையும் எழுதியிருக்கிறேன். சாம்பல் நிறத் துண்டு தாளின் மேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது. என் கட்டைவிரலை அதன் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

ஆகவே என்னை நம்ப வேண்டாம். அந்த ஒரு வரியை நான் தொடங்கி மட்டும் வைத்திருக்கிறேன். முடிப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் என்ன எழுதினாலும் மறுக்க மாட்டேன். நாளை பதினோரு மணிக்குள் எழுதிவிடுங்கள். அங்கே ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

குழாயை அடைத்தது