உள்மடிப்பில் ஒரு முழங்கை

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் உள்மடிப்பில் ஒரு வரி இருக்கும். 'ஆக்டோபசுக்கு மூன்று இதயம்', 'தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது' என்கிற மாதிரி. அந்த வரியை எழுதுகிறவளைத் தொழிற்சாலையில் துணுக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர அது வேறெங்கும் புழக்கத்தில் இல்லை.

தெரிந்த விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். காலையில் புருஷன் வாய் நிறைய நுரையோடு நிற்கும்போது, "நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல்லு இருக்கு, தெரியுமா?" என்பாள். அவர் துப்பிவிட்டு, "அதுக்கு பேஸ்ட் யாரு வாங்கித் தர்றா?" என்பார். இப்படியே பதினோரு வருஷக் குடும்பம் ஓடிவிட்டது.

போன மாதம் அவள் எழுதிய வரி: 'தன் முழங்கையைத் தன் நாக்கால் தொட யாராலும் முடியாது.' எங்கோ படித்தது. சரிபார்க்க ஒரு தடவை தானே முயன்றாள், எட்டவில்லை, அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். துணுக்கின் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பாக்கெட் கடைக்குப் போவதற்குள் வினை ஆரம்பித்துவிட்டது. பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் நாக்கை நீட்டிக் கழுத்தை முறுக்க, பெல்ட்டில் வந்த கிரீம் பிஸ்கட் எல்லாம் தரையில் கொட்டியது. அடுப்பு மேஸ்திரிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் வலது பக்கம் மட்டுமே பார்த்து வேலை செய்தார்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "இதோ பாரும்மா, உண்மையா இருந்தா சரி, தொலையட்டும். ஒரே ஒரு வரி பொய்யுன்னு யாராவது நிரூபிச்சாங்க, அன்னைக்கே உள்மடிப்பை வெறுமனே விட்டுடுவேன். நீ பழையபடி லேபிள் எண்ணப் போகலாம்."

லேபிள் எண்ணுவது எப்படி என்று துணுக்குக்குத் தெரியும். நாலு வருஷம் அதைத்தான் செய்தாள். நூறு நூறாகக் கட்ட வேண்டும். நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்கக் கூடாது. அவளுக்கு அது சிறைவாசம்.

வியாழக்கிழமை மத்தியானம் வரவேற்பறையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கையில் நாலாக மடித்த பாக்கெட் காகிதம்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"தப்பும்மா," என்றார், அவளுக்காக வருத்தப்படுகிற குரலில். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரவிக்கைக் கையைச் சுருட்டி, தோளை ஒரு தள்ளு தள்ளி, முழங்கையை மோவாய்க்குக் கொண்டுவந்தார். நாக்கு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை முனையைத் தொட்டதோடு நிற்காமல் அதை நன்றாக ஈரப்படுத்திவிட்டுத் திரும்பியது.

"முப்பது வருஷம் தபால்தலை நக்கின நாக்கும்மா," என்றார் அடக்கமாக.

துணுக்குக்கு முதலில் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. கைதட்டிவிட்டாள். "இன்னொரு தடவை காட்டுங்களேன்!" காட்டினார். அப்புறம்தான் லேபிள் கட்டு ஞாபகம் வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு டப்பா பிஸ்கட்டைக் கொடுத்து வாசல் வரை வழியனுப்பினால் ஈ காக்காய்க்குத் தெரியாது.

அந்த அம்மாவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தொந்தரவுன்னா நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்," என்றார்.

துணுக்கு டப்பாவைக் கையில் எடுத்தும் விட்டாள். ஆனால் இப்படி ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதா? அதற்கு லேபிளே எண்ணலாம். டப்பாவை அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. "சார், முடியுது சார்! கீழ ஒரு அம்மா..." என்று உள்ளே நுழைந்தவள் பாதியில் நின்றாள்.

மேனேஜர் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தோள் வரை ஏறியிருந்தது. நாக்கு வெளியே இருந்தது.

"முடியுதா? நிஜமாவா?" அவசரத்தில் வார்த்தை குழறியது. "ஒரு மாசமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு விரல் தூரம்தான் பாக்கி. நீ எழுதினதை நம்பி, இன்னைக்கோட விட்டுடலாம்னு இருந்தேன்!"

"அப்போ லேபிள், சார்?"

"லேபிளாவது மண்ணாவது! நாளைக்கே திருத்தி எழுது," என்றபடி அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். "அவங்க தோளை முன்னால தள்றாங்களா, பின்னாலயா? முதல்ல அதைச் சொல்லு!"