நாகலெட்சுமியின் நிரை

காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், கங்காணி யோகேஸ்வரன் எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஜீவராணி, ஒன் பக்கத்து நிரைதான் அவளோடது. ஒனக்குத்தான் தெரியும். நாகலெட்சுமி குளவிக்கூட்டப் பாத்துட்டு துணி கட்டியிருந்தாளா, இல்லியா?”

“நா ஒண்ணும் பாக்கலீங்க.”

பின்னாலிருந்து சர்மிளா பிடித்துக்கொண்டாள். “அப்பறமென்ன? மகாராசிக்கு சீலையில ஒரு சாண் கிழிக்க மனசு வரல. ஒருத்தி வீட்டுப் புள்ள சாகக் கெடக்குது.”

நாகலெட்சுமி தலையைத் தூக்கவில்லை. ‘கட்டுனேன், கட்டுனேன்’ என்று மூன்று நாளாகச் சொல்லி ஓய்ந்துபோன வாய்.

ஜீவராணியின் மருமகள் பூரணி அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். குளவி கொட்டின முகம் வீங்கி, பெற்றவள் வந்தாலும் அடையாளம் காண மாட்டாள். மகன் கிஷாந்த் அவள் பக்கத்திலேயே கிடந்தான். வீட்டில் இருந்த ஒரே போனும் அவனிடம்தான்.

கொழுந்து மலையில் பறிக்க ஆளுக்கொரு நிரை, ஒரு தேயிலை வரிசை. அதில் குளவிக்கூட்டைக் கண்டவள் அந்தச் செடியில் துணி கட்டிவிட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் நல்ல கொழுந்துள்ள நிரையை மறுநாளைக்கென்று பிடித்து வைக்கவும் சிலர் துணி கட்டுவதுண்டு. பூரணியைக் கொட்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் தன் நிரையில் நின்றபடி ஜீவராணி பார்த்தாள். நாகலெட்சுமியின் நிரையில் ஒரு செடியில் சிவப்புத் துணி. அதற்கப்பால் கொழுந்து பச்சைப்பசேலென்று கிடந்தது. ‘நாளைக்கும் நல்லத எல்லாம் இவளே அள்ளணுமோ’ என்று வயிறு எரிந்தது. எட்டி அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள். மறுநாள் நாகலெட்சுமி கிளினிக்குக்குப் போய்விட்டாள். “நீ போயி அந்த நிரைய ஏறு” என்று பூரணியை அனுப்பி வைத்ததும் ஜீவராணிதான்.

துணி இன்றைக்கும் மடியில் இருந்தது. அந்தச் செடியடியில் போட்டுவிட வேண்டும். யாராவது கண்டெடுப்பார்கள். காற்றில் அவிழ்ந்து விழுந்தது என்று ஆகிவிடும். நாகலெட்சுமி மேலுள்ள பழியும் போகும், தன் மேலும் வராது. இரவெல்லாம் யோசித்து வைத்தது இதுதான்.

மற்றவர்கள் கீழே பறித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் மேலே ஏறினாள். நாகலெட்சுமியின் நிரைக்குள் அதுவரை அவள் கால் வைத்ததில்லை. செடிக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினாள். புகை போட்டுக் கருக்கின கூடு கிளைக்கடியில் பானை மாதிரி தொங்கியது. இங்கிருந்து பார்க்கிறவளுக்கு நெஞ்சு அடைத்திருக்கும். நிமிர்ந்து தன் நிரையைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் கூட்டின் ஓரம்கூடத் தெரியாது. துணியும் கொழுந்தும் மட்டும்தான் தெரியும்.

“அக்கா.”

கூடையோடு நாகலெட்சுமி நின்றாள். ஜீவராணியின் கை மடியைப் பொத்திக்கொண்டது.

“நீங்களாவது நம்புங்கக்கா. பாத்ததும் கையி காலு வெலவெலத்துப் போச்சு. அந்த நடுக்கத்துல சரியா முடிச்சுப் போடலியோ என்னமோ. இளகி விழுந்திருக்கும். நா இறுக்கிக் கட்டியிருந்தா பூரணிக்கு இப்படி ஆயிருக்குமா? எந் தப்புத்தானேக்கா?”

ஜீவராணியின் விரல்கள் மடிக்குள் துணியைப் பற்றின. துணியைக் கீழே போட்டால் இவள் இதைத்தான் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். சரியாக முடிச்சுப் போடாதவள் என்று தோட்டமும் சேர்ந்து சொல்லும்.

“என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. தூர நின்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

“நாகு...”

அதற்குள் கீழேயிருந்து கங்காணி போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். “ஜீவராணி, ஒம் மகன் பேசுறான். வெரசா வா.”

நல்ல சேதியா, கெட்டதா? அவர் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. பறிக்கிற கைகள் எல்லாம் நின்றன. முகங்கள் மேலே திரும்பின.

“போங்கக்கா, போங்க. பாத்து எறங்குங்க.” பிடித்துக்கொள்ளச் சொல்லி நாகலெட்சுமி கையை நீட்டினாள். அவள் சீலையின் கிழிந்த ஓரம் காற்றில் நூல் நூலாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜீவராணி மடியிலிருந்து கையை எடுத்து அந்தக் கையைப் பற்றினாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவிலிருந்து சிவப்பாக ஒரு முனை வெளியே தொங்கியது.