ஒன்பது நொடிப் பறவை

எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் துணி வியாபாரம். வேண்டிய சரக்கை ஏறெடுத்தும் பார்க்காமல், பக்கத்துச் சரக்கைத் தடவிக்கொண்டே விலை கேட்பதை எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பழக்கிவிட்டார்கள். அந்தப் படிப்பை வைத்துத்தான் கம்ப்யூட்டர் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஓட்டினேன். புரோகிராம் எழுதுவதில் நான் சுமார்தான். கூட்டங்களில் உட்காருவதில் கெட்டிக்காரன். யாரோ எழுதியதை "நாங்க எழுதினோம்" என்று சொல்லும்போது என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

அந்த யாரோ, குருவி. இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். லீவு கிடைத்தால் மைக்கைத் தூக்கிக்கொண்டு பறவைச் சத்தம் பிடிக்கப் போவான் என்பதால் ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். பதிலுக்கு அவன் என்னை யாவாரி என்பான். இருபது கிடங்குகளின் இருப்பை மாதக் கடைசியில் சரிபார்த்து முடித்துவைக்கும் புரோகிராம் முழுக்க அவன் மூளை. மாதம் முடிகிற அன்று அவன் கீபோர்டைத் தட்ட, நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். மேலிடத்துக்குத் தெரிந்தது என் தலையாட்டல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் சர்வீஸைவிட அவர் வயது குறைவு. புதிய புரோகிராம் வரப்போகிறதாம். பழையது இன்னும் இரண்டு வருடம் ஓடும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதுமாம். வெள்ளிக்கிழமை மாத முடிப்பை அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யார் என்று முடிவு செய்வாராம். குருவியிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

குருவிக்கு அந்த வேலை தேவை. அவன் மனைவிக்கு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அது ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் நடக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் மனைவி என்னைக் கடைத்தெருவுக்கும் மாடிக்கும் விரட்டுவாள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒருவன் கைநீட்டுகிற பொருளை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

பறவைகளில் அவனுக்கு ஒன்றின் மேல் தீராத ஏக்கம். பதினான்கு வருடத்துக்கு முன் ஓர் ஏரிக்கரையில் ஒன்பது நொடி கத்திவிட்டுப் பறந்துபோன ஏதோ சாம்பல் பறவை. அதற்குப் பிறகு அவன் போகாத கரையில்லை. அந்த ஒன்பது நொடியை எனக்கு நூறு முறையாவது போட்டுக் காட்டியிருப்பான்.

எனக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. சின்ன வயதிலிருந்தே ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று ஈயப்பற்று வைத்துக்கொண்டிருப்பேன். குருவி தூக்கிக்கொண்டு திரியும் மைக்கே நான் செய்து கொடுத்ததுதான். அன்று மாலை எல்லோரும் கிளம்பியதும் சர்வரைத் திறந்தேன். அது என் பொறுப்பில் இருப்பது. அவன் பதிவுகள் எல்லாம் அதில்தான் கிடந்தன. வீட்டுக் கம்ப்யூட்டர் செத்ததிலிருந்து, "என் வீட்டைவிட உன் ரூம் பத்திரம்" என்று அங்கே கொண்டுவந்து போட்டிருந்தான். அந்த ஒன்பது நொடியை எடுத்தேன். சுருதியை ஒரு மயிரிழை இறக்கினேன், பின்னால் தவளைச் சத்தம் சேர்த்தேன், கொஞ்சம் மழையும் பெய்யவிட்டேன். ஐம்பது வருடப் பொழுதுபோக்கு எனக்கு உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, மச்சான் ஊர் ஏரிக்கரையில் ஏதோ கத்துகிறதாம், செல்போனில் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று அலட்சியமாகப் போட்டுக் காட்டி, அவன் போனுக்கும் அனுப்பிவைத்தேன். குருவி காப்பியைக் கீழே வைத்தான். மச்சான் ஊருக்கு எட்டு மணி நேர பஸ் பயணம். மனைவியை அவள் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். போகும்போது தன் நோட்டை என் கையில் திணித்தான்.

"மாத முடிப்பு எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா பதினேழாம் பக்கத்தைப் பாருய்யா."

வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டது. பதினேழாம் பக்கத்தைப் பார்த்தேன். மேனேஜர் அசந்துபோனார். குருவி எங்கே என்றார். வருத்தத்தோடு, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து, பறவை பார்க்கப் போயிருக்கிறான் என்றேன். "இன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவனிடம் கடிதத்தைக் கொடுத்தார்கள். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். முகம் வெயிலில் கருத்திருந்தது.

"அந்தச் சத்தம் என்னோடது, யாவாரி."

உளறாதே என்றேன்.

"உன் மைக்குல ஒரு கீச்சு உண்டு. முதல் நாள்லேருந்தே. நம்ம வயசுக்கு இப்போ அது காதுல விழாது. சத்தத்தைப் படமா வரைஞ்சா மேல ஒரு கோடா தெரியும். கரையில ரெண்டு நாள் உக்காந்துட்டு, வேற வேலை இல்லாம நீ குடுத்ததை வரைஞ்சு பாத்தேன். கோடு இருந்துச்சு."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே நீ?"

"ஆசையா செஞ்சு குடுத்தே. எப்படிச் சொல்றது?"

எனக்கு அவமானமாக இருந்தது. மைக் விஷயத்தில்.

மேனேஜரிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லையாம். வாயை மூடிக்கொண்டு போனால் இன்சூரன்ஸை மூன்று மாதம் நீட்டித் தருவார்களாம், சண்டை போட்டால் அதுவும் கிடையாதாம். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் ஆறு மாதம் கேட்டிருப்பேன். அவனுக்குப் பேரம் பேச வராது.

வேலையை விட்டுப் போகிறவரின் சொந்த ஃபைல்களை அவர் முன்னாலேயே அழித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. குருவி தன் பதிவுகளை மட்டும் ஒரு டிஸ்க்கில் போட்டுத் தரச் சொன்னான். கேட்டது அது ஒன்றுதான். போட்டுக் கொடுப்பதென்றால் மேனேஜர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அனுமதிக்க வேண்டும். திறந்தால், அந்த ஒன்பது நொடியைச் செவ்வாய் மாலை ஆறே முக்காலுக்கு எடுத்தது யார் என்று என் பெயரோடு தெரியும்.

விதி விடாது என்றேன். அவன் முன்னாலேயே அழித்தேன். ஆயிரத்து நானூறு மணி நேரம். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேக்கப்ல இருக்கும்ல? பின்னாடி எடுத்துக் குடுப்பேல்ல?"

"இருக்கும்யா. நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டான். லிஃப்ட் கதவு மூடுகிற வரைக்கும் நின்று கையசைத்துவிட்டு, மெஷின் ரூமுக்குப் போய் பேக்கப்பைத் துடைத்தேன். மற்றொரு பிரதி வேறு கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்த ஆளைப் போனில் பிடித்தேன். என்ன ஃபைல் சார் என்றான். பழைய குப்பை, அழித்துவிடு என்றேன்.

அதற்குப் பிறகு குருவி மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் எடுத்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். நான்காவது முறை பேசியது அவன் மனைவி. குரல் ரொம்ப மெலிந்திருந்தது. கிடைத்துவிட்டதா அண்ணா, அவர் சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்றாள்.

இந்த வாரத்துக்குள் கிடைத்துவிடும்மா என்றேன்.