நாற்பத்திரண்டு நிமிட ஜெபம்

ஏழு நாள் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது தங்கையன் சார் பரீட்சை முடிந்த பையனைப்போலச் சிரித்தார். வயது எழுபத்தொன்பது. பட்டையிலிருந்த தீப்பெட்டி அளவுக் கருவி அவர் நடந்தது, உட்கார்ந்தது, எழுந்தது எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. பகலில் அவரைத் தனியே விடலாமா என்று இனி அதுதான் சொல்ல வேண்டும்.

விடலாம் என்றால் வெள்ளிக்கிழமை அவர் மகள் ஜெபகுமாரிக்கு விமானம். கணவன் செல்வதாஸும் மகளும் மஸ்கட்டில் இருக்க, அப்பாவுக்காக ஆறு வருடம் திங்கள்சந்தையிலேயே தங்கிவிட்டவள். பகலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ராத்திரித் துணைக்கு ஆள்கூடப் பேசி முடித்தாயிற்று.

தங்கையன் சார் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் சுபிதா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, நடை மோசமில்லை, தூக்கமும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு நிறுத்தினாள். காலை பத்தேகாலுக்கு சார் என்ன செய்வார் என்று கேட்டாள். ஐந்து நாள் அந்த நேரத்தில் தரைக்குத் தாழ்ந்து வெகுநேரம் அப்படியே இருந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு நிமிடம்.

ஜெபகுமாரி சிரித்துவிட்டாள். "அது ஜெபமாக்கும் சுபிதா. அப்பா முட்டுகுத்திதான் ஜெபிப்பாரு."

அவளே கண்ணால் பார்த்தது. செவ்வாய்க்கிழமை இன்டர்வெல்லில், பத்தரைக்கு, மறந்துவிட்ட போனை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தாள். அப்பா கட்டிலோரம் தரையில் முழங்கால் மடிந்து, மெத்தையில் முகம் புதைத்து, கைகூப்பி இருந்தார். முகத்தடியில் விரிப்பு நனைந்திருந்தது. ஜெபத்தைக் கலைக்கக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். நேற்று சபையில் பெண்கள் கூட்டத்தில் இதைத்தான் சாட்சியாகச் சொன்னாள். நனைந்த விரிப்பைச் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சுபிதா சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"முட்டுகுத்த இந்த வயசுல மூணு நாலு செகண்டாவது ஆகும்க்கா. மத்த நாளு அப்படித்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை அரை செகண்ட்."

கோடு செங்குத்தாக இறங்கிக் கிடந்தது. அதற்கப்புறம் தரையோடு தரையாக ஓடிய கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். சுபிதா விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று.

"எழும்பப் பாத்திருக்காரு."

ஜெபகுமாரிக்கு அடுப்பில் குக்கர் விசிலடித்தது எங்கோ அடுத்த தெருவில் கேட்பதுபோல இருந்தது. பத்தேகால், பத்தரை, பத்து ஐம்பத்தேழு. தினமும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவள், ஒரு கழித்தலைப் போட முடியாமல் திணறினாள். கதவைச் சாத்திவிட்டு அவள் போன பிறகும் இருபத்தேழு நிமிடம்.

"ஜெபம்னே எழுதிரு பிள்ளே."

தங்கையன் சார் திரைச்சீலையை விலக்கி, நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்னது சுபிதாவிடம்தான்.

"அன்னைக்கு நான் வந்தது தெரியுமாப்பா?" என்றாள் ஜெபகுமாரி.

வாசல் கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்டதாகவும், அப்போதுதான் கையைக் கூப்பிக்கொண்டதாகவும் அவர் சொன்னார், திருட்டை ஒப்புக்கொள்பவர்போலத் தரையைப் பார்த்து.

"ஒரு சத்தம் போடக்கூடாதா?"

"போட்டா நீ போவமாட்டியே மக்களே."

சுபிதாவின் படிவத்தில், விழுந்தாரா என்ற ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.  பேனா அதன்மேல் நின்றது.

"விழுந்தாருன்னு எழுது," என்றாள் ஜெபகுமாரி. "தனியா விடமுடியாதுன்னும்."

தங்கையன் சார் நிலைப்படியை விட்டுவிட்டு, சுபிதாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிடிமானம் இல்லாத உடம்பு ஆடியது. ஜெபகுமாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவரைத் தோளோடு தாங்கிக்கொண்டாள். பிறகு அந்தக் கைகளைப் பார்க்கச் சகிக்காமல், விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள்.