பல்குச்சி நம்ம ஆளான வருஷம்

முன்னால் இருவர், பின்னால் நால்வர் என்று தன் பழைய வாடகைக் காரில் சவாரிகளை அடைத்துக்கொண்டு ஃபெர்மின் பாலத்து நெரிசலில் நின்றிருந்தான். ஜூன் மாத வெயில். அப்போதுதான் ரேடியோவில் செய்தி வந்தது. சாந்தியாகோ சேவல்கள் பேஸ்பால் அணிக்குப் புது மேனேஜர் கிடைத்துவிட்டார். பெயர் எவாரிஸ்தோ பெனியா.

பெனியா பதினோரு வருஷம் தலைநகரத்துச் சுறாக்கள் அணியை நடத்தியவர். வாயில் எந்நேரமும் ஒரு பல்குச்சி. ஓரத்து பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, யார் பந்து வீசுவது, யாரை எப்போது மாற்றுவது என்று விரலசைவில் சொல்லுவார். அந்த விரல் அசைந்து அசைந்தே சேவல்களைப் பலமுறை அழவைத்திருக்கிறது. சாந்தியாகோவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, பல்குச்சிதான்.

"பல்குச்சியா? நம்ம பல்குச்சியா?" என்றாள் மடியில் கூடையோடு பின்னால் நசுங்கியிருந்த பெண்.

"இன்னிக்குத்தானே அவன் 'நம்ம'. நேத்துவரைக்கும் அவங்க அம்மாவைத் திட்டிக்கிட்டிருந்தோம்" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"திட்டினா என்ன? கோப்பை வருமா வராதா, அதைச் சொல்லு. அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

ஃபெர்மின் ஹாரனை அழுத்தினான். முன்னால் வழியில்லை என்று தெரிந்தும் அழுத்தினான். செய்தி காதில் விழுந்ததும் வயிறு குளிர்ந்தது நிஜம். இனி நாமும் ஜெயிக்கலாம். ஆனால் அப்படிக் குளிர்ந்ததை நினைத்தபோது தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அவர்மேல் அவனுக்கிருந்த கோபத்துக்குக் காரணம் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு இறுதிப்போட்டி. இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் கோப்பை சேவல்களுக்கு. பந்து வீசிக்கொண்டிருந்தவன் ஃபெர்மினின் தெருப் பையன். பெனியா எழுந்து, சாவகாசமாக நடந்துபோய், நடுவரிடம் ஏதோ சொன்னார். நடுவர் வந்து பையனின் கையுறையைப் புரட்டிப் பார்த்தார். பிடி வழுக்காமலிருக்க, விதிக்கு விரோதமாக, பிசின் தடவியிருந்தது. பையனை வெளியே அனுப்பினார்கள். அடுத்து வீச வந்தவன் ரன்களை வாரிக் கொடுத்து, கோப்பையைச் சுறாக்களிடம் விட்டுவிட்டான். பிசின் தடவாத பந்துவீச்சாளன் இந்தத் தீவிலேயே கிடையாது, தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை, கோள் சொல்லி ஜெயிப்பதும் ஒரு ஜெயிப்பா என்பது ஃபெர்மினின் கட்சி. தப்பு தப்புதான் என்பது அவன் மனைவி நூரிஸின் கட்சி.

நூரிஸ் தலைநகரத்துக்காரி. முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் சுறாக்கள் கொடியையும் மடித்து வைத்துக்கொண்டு வந்தவள். வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறாள். யாருடைய அணி தோற்கிறதோ அவர் மறுநாள் காலை காபி போடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பெனியா புண்ணியத்தில் ஃபெர்மின் காபி போடுவதில் கைதேர்ந்துவிட்டான். "கிழவா, சர்க்கரை பத்தல. உங்க பசங்க எடுத்த ரன் மாதிரியே இருக்கு" என்று படுக்கையிலிருந்து குரல் வரும்.

அன்று சாயங்காலம் அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்களை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தான். அவள் ஒரு பெண்ணின் தலையில் முடியைச் சுருளவைக்கும் உருளைகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? உனக்கு யோகம். அனுபவி."

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழற? உங்க ஆளுங்கதானே துரத்தினாங்க?"

"ஆமா, துரத்தினாங்க. மூணு கோப்பை குடுத்த மனுஷனை, நேர்ல கூப்பிட்டுச் சொல்லக்கூட வாய் வராம, போன்ல துரத்தினாங்க." முடி உலர்த்தும் மெஷினைப் போட்டாள். தயாராக வைத்திருந்த பதில்களோடு ஃபெர்மின் உள்ளே போனான்.

அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கின. சேவல்கள் ஜெயித்தார்கள். அடித்து நொறுக்கி அல்ல. பெனியாவின் பாணியில், காத்திருந்து, எதிராளியைச் சலிக்கவைத்து, ஒவ்வொரு ரன்னாகப் பொறுக்கி. நூரிஸ் டிவி பக்கமே வருவதில்லை. ஃபெர்மின் தனியாக உட்கார்ந்து பார்த்தான். ஜெயித்த பிறகு, ஒலியைக் குறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் விளம்பரங்களையும் பார்த்தான். யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? காலையில் காபி தன்பாட்டுக்கு வந்தது. யார் தோற்றது என்று யாரும் கேட்கவில்லை. மூலைக்கடையில் பையன்கள் வாயில் பல்குச்சியோடு திரிந்தார்கள். முழங்கால் வலி வேறு. பன்னிரண்டு மணி நேரம் கார் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு வெற்றிகூட இன்னொரு சவாரி மாதிரிதான் இருந்தது.

டிசம்பரில் சுறாக்கள் சாந்தியாகோவுக்கு ஆட வந்தார்கள். ஃபெர்மின் இரண்டு டிக்கெட் வாங்கினான்.

"வர்றியா?"

"எதுக்கு? உன் ஆளு என் பசங்களை அடிக்கிறதைப் பாக்கவா?"

"அவன் என் ஆளு இல்ல."

"அப்ப யாரு ஆளு?"

ஃபெர்மின் ஒரு டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். ஆனாலும் அவள் வந்தாள். சுறாக்களின் நீல ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சேவல்களின் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் பாதிக்குமேல் போய்விட்டது. சுறாக்களின் இளம் பந்துவீச்சாளன் யாரையும் அசையவிடவில்லை. அப்போது பெனியா எழுந்தார். அந்த நடையைப் பார்த்ததுமே ஃபெர்மினுக்குத் தெரிந்துவிட்டது. அதே சாவகாசம். நடுவரிடம் ஏதோ சொன்னார். நடுவர் போனார், கையுறையைப் புரட்டினார், வெளியே போ என்று கைகாட்டினார். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது.

ஃபெர்மினும் எழுந்தான். "டேய் கோள்மூட்டி! உனக்கு வெக்கமே கிடையாதாடா!" என்று கத்தினான்.

முன்வரிசைக்காரன் திரும்பினான். "பெருசு, தலை சுத்துதா? அவரு நம்ம ஆளுய்யா!"

"எவன் ஆளா இருந்தா எனக்கென்ன? அந்தப் பையன் பாவம் இல்லையா?"

பக்கத்தில் கைதட்டல் கேட்டது. நூரிஸ் எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தியா கண்ணை! பெஞ்சுல உக்காந்தபடியே பிசினைக் கண்டுபிடிச்சுட்டாரு மனுஷன்!"

"அடியே, அது உங்க டீம் பையன்டி!"

"தடவினா தப்புதானே? எட்டு வருஷமா நான் வேற என்ன சொல்றேன்?"

மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. ஃபெர்மினுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் அடங்கவில்லை. முழங்கால் தாங்காமல் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். சேவல்கள் ஜெயித்தார்கள். கூட்டம் கலையட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அவரு இளைச்சுட்டாரு கிழவா. சட்டை தொங்குது பாத்தியா?"

"பாத்தேன்."

அதற்கப்புறம் டிவியை அவளே போட்டாள். இரண்டு அணிகளையும் பெனியாவையும் திட்டினார்கள், கூடவே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். ஜனவரியில் சேவல்கள் அரையிறுதியில் விழுந்தார்கள். அதுவரை பல்குச்சி மென்றவர்களெல்லாம், தலைநகரத்து ஒற்றன், நம்மைக் கெடுக்கவே வந்தான் என்று பேசத் தொடங்கினார்கள். காரில் ஏறிய ஒவ்வொருவனும் அதையே சொன்னான். ஃபெர்மின் ஒருமுறை அவருக்காக வாதாடினான், ஒருமுறை ஆமாம் போட்டான், பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்து ஓட்டினான்.

வீடு வந்தபோது கடைசி வாடிக்கைக்காரி போயிருந்தாள். காலி நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

"இவங்களும் துரத்திடுவாங்களா?" என்று கேட்டாள் நூரிஸ்.

"இன்னொரு வருஷம் குடுப்பாங்கன்னு பேச்சு."

"நல்லதா, கெட்டதா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? இருந்தா ஜெயிப்பான். ஜெயிச்சா எனக்குப் பிடிக்காது. போனா நாம யாரைத் திட்டுறது?"

"தலையைப் பின்னால சாய். வேர்வை நாத்தம் தாங்கல" என்றாள். முடி கழுவும் தொட்டியின் விளிம்பில் கழுத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அவள் தேய்க்கத் தொடங்கும்போதே அவனுக்குக் குறட்டை வந்துவிட்டது.