பதினாறு நாளைக்கு ஒரு மார்ச் பதினொன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் சோம்பேறித்தனத்தில். ஒரு சோம்பேறித்தனம் அல்ல, இரண்டு.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். பெயர் முத்துராமலிங்கம். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, 'புரூப் சார்' என்பார்கள். போன ஆகஸ்டில் முதலாளி ராஜபாண்டியன் என்னை அழைத்து, "அடுத்த வருசத்துக்கு ஒரு புது மாடல் போடுதோம், சாதனை டைரி. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு வாக்கியம் வேணும். படிக்கிறவன் எந்திரிச்சு ஓடணும். முந்நூத்தி அறுபத்தஞ்சு. பத்து நாள்ல குடுத்திருவீரா?" என்றார்.

விருதுநகரிலிருந்து தினமும் எட்டு மணி பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறவன் நான். ஜன்னலோர சீட்டைத் தாண்டி என் வாழ்வுக்கு ஒரு நோக்கமும் கிடையாது. ஆனாலும் எழுதினேன். ஜனவரி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் யோசித்தேன். பிப்ரவரியில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து வாக்கியம் வந்தது. மார்ச் முழுவதையும் ஒரு டீக்கும் ஒரு வடைக்கும் நடுவில் முடித்தேன். மார்ச் பதினொன்றுக்கு விழுந்த வாக்கியம் இது: 'இன்று உனக்கு வேண்டியதை ஒருவரிடம் கேள்.'

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனதில் இருந்தது இன்னொரு கரண்டி சட்னி.

அந்த வாக்கியம் இப்போது பஸ் ஏறி, விருதுநகரை அடுத்த சூலக்கரைக்குப் போயிருக்கிறது. கொண்டுபோனவள் எங்கள் அச்சகத்துப் பாண்டிச்செல்வி. இன்று 2005 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. மணி மதியம் இரண்டு. தீப்பெட்டி லேபிள் புரூப்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவு எனக்கும் தெரியாது. தெரிந்தால் வரிக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்ப்பேனா?

2

தொடக்கங்கள்:

பாண்டிச்செல்வி கண் விழித்தபோது கீழ்வானம்

(வேண்டாம். அவள் எழுந்திருப்பது நாலரைக்கு. வானத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடையாது.)

மனித வாழ்வில் நாட்குறிப்பு என்பது

(இது கட்டுரை. யாரும் படிக்கமாட்டார்கள். நானே பாதியில் கொட்டாவி விட்டேன்.)

பாண்டிச்செல்விக்கு வேனில் வாந்தி வரும்.

இது இருக்கட்டும். சின்னதாக இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

விஸ்வநத்தம் தாண்டி உள்ளே இருக்கும் ஊர் அவளுடையது. எங்கள் கம்பெனி வேனில் முதல் ஆளாக ஏறி, முதலில் ஏறுகிறவர் பின்னால் போகவேண்டும் என்ற வழக்கப்படி பின் சீட்டில் உட்கார்ந்து, நாலு ஊர் சுற்றி, அச்சகத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரம். ஏழு வருடமாகக் கையில் எலுமிச்சம்பழத்தோடு வருகிறாள். வேலை பைண்டிங்கில். பதினாறு பக்கம் கொண்ட மடித்த தாளுக்கு எங்கள் தொழிலில் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக எடுத்து ஒரு புத்தகமாகச் சேர்க்க வேண்டும். மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிற வேலை. வந்து இறங்கியதும் தலை சுற்றும், அதன் பிறகு மேசையையும் சுற்ற வேண்டும். "மார்ச்சோட நின்னுருவேன் சார், ஒடம்பு தாங்கல" என்று டிசம்பரில் என்னிடம் சொன்னாள்.

3

இரண்டாவது சோம்பேறித்தனத்துக்கு வருகிறேன்.

மார்ச் 6 முதல் 21 வரையிலான பாரத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கு விழவேண்டிய சிவப்பு மை திங்கட்கிழமையில் விழுந்துவிட்டது. புரூப்பில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவன் அடியேன். தாள்கள் எல்லாம் வேஸ்டில் போயின. முதலாளி என்னைத் திட்டியதை இங்கே எழுதவில்லை, இதைக் குழந்தைகளும் படிக்கக்கூடும்.

வேஸ்ட் தாளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொண்டுபோனார்கள். பாண்டிச்செல்வி இருபத்து மூன்று பாரத்தை எடுத்துத் தைத்து, அட்டையும் ஒட்டி, தனக்கொரு டைரி செய்துகொண்டாள். இருபத்து மூன்று பதினாறு, முந்நூற்று அறுபத்தெட்டு. வருடத்துக்குப் போக மூன்று பக்கம் மிச்சம்.*

(* அதாவது அவள் டைரியில் ஜனவரி கிடையாது, டிசம்பர் கிடையாது. மார்ச் 6 முதல் 21 வரை, திரும்பவும் மார்ச் 6 முதல் 21 வரை. இதைப் புரிந்துகொண்டால் கதை முழுவதும் புரிந்துவிடும்.)

சாதனை டைரியின் முதல் பக்கத்தில் 'என் வாழ்வின் நோக்கம்' என்று போட்டுப் பத்துக் கோடு இருக்கும். நானும் ஒரு டைரி எடுத்துக்கொண்டு போய், அந்தப் பத்துக் கோட்டின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஜனவரி ஒன்பதாம் தேதி 'நேற்று மாதிரியே' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்த டைரி மின்விசிறிக் காற்றில் புரூப் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அவள் டைரியில் நோக்கம் எழுதும் பக்கமே இல்லை. அதனால் யோசிக்காமல் ஜனவரி ஒன்றிலேயே நேரே அன்றாடத்தை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

'இன்னைக்கு வாந்தி. பின் சீட்டு.'
'இன்னைக்கு வாந்தி. பின் சீட்டு. சேத்த புஸ்தகம் 610.'
'முன் சீட்டு கிடைச்சது. வாந்தி இல்லை. சேத்த புஸ்தகம் 840. பழம் மிச்சம்.'

ஐந்தே நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. முன்னால் போகப் போக உடம்பு நன்றாக இருக்கிறது. அப்படியானால் எல்லோருக்கும் முன்னால் இருப்பது யார்? டிரைவர். டிரைவர் தங்கச்சாமி பதினோரு வருடத்தில் ஒருநாள் கூட வாந்தி எடுத்ததில்லை. லோடு ஆட்டோ வாங்கப்போகிறோம் என்று அவளும் அவள் புருசனும் சேர்ந்து எடுத்த லைசென்ஸ் மூன்று வருடமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஆட்டோதான் வரவில்லை. தங்கச்சாமி சொந்த வண்டி போட்டு மார்ச் கடைசியில் விலகப்போகிறார். ஆறாவது நாள் பக்கத்தைத் திருப்பினாள். அது மார்ச் பதினொன்று, அடியில் என் வாக்கியம் இருந்தது.

4

ஜனவரி 6. முதலாளி அறையில்.

"மொதலாளி, வேன் ஓட்டுத வேலைய எனக்குக் குடுங்க."

அவர் சிரித்தார். மேலும் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். அவள் வந்து வேலையைப் பார்த்தாள்.

சாதாரண டைரிக்காரனாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முழு டைரியில் மார்ச் பதினொன்று வருடத்துக்கு ஒருமுறைதான். அவளுக்கோ பதினாறு நாளைக்கு ஒருமுறை வந்து நின்றது. பக்கம் சொல்கிறது, கேட்டுத்தானே ஆகவேண்டும்?

ஜனவரி 22. "வீட்டுல என்ன சொல்லுதாக?" "அவரு சரின்னுட்டாரு மொதலாளி."

பிப்ரவரி 7. "பார்ப்போம்." (எங்கள் பக்கத்தில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று பொருள்.)

பிப்ரவரி 23. அன்றுதான் முதலாளி வலுவாக ஒன்றைச் சொன்னார். "ஏம்மா, நீ ஓட்டுனா எவ ஏறுவா? பொம்பளைகளே ஏற மாட்டாக. போயிக் கேட்டுப் பாரு."

அவள் பக்கத்து மேசை முருகம்மாளிடம் கேட்டாள். முருகம்மாள் தாளை அடுக்கிக்கொண்டே, "நான் ஏற மாட்டேன் தாயி, எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றாள். பாண்டிச்செல்வி அடுத்த பாரத்தை எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு டைரியில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். நாலு தேதியைச் சுழித்து வைத்திருந்தார். "பதினாறு, பதினாறு, பதினாறு. அமாவாசை கூட இம்புட்டுக் கணக்கா வராது. என்னய்யா இது?" நான் காலண்டரில் அச்சுப் பிழை தேடுவதுபோல் நின்றேன். "அடுத்தது மார்ச் பதினொன்னு. அன்னைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். சூலக்கரை கலெக்டர் ஆபீசுல ஒரு மீட்டிங்கு. வெளிய சொல்லாதீரும்."

நான் வெளியே வந்து பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

(வாசகரே, ஒரு நிமிடம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி 23-உடன் பதினாறைக் கூட்டினால் மார்ச் 11. இருபத்து மூன்று பாரத்தில் ஐந்தாவது பாரம் மட்டும் நிஜக் காலண்டரோடு ஒட்டிப் போகிறது. வருடத்தில் இந்தப் பதினாறு நாள் மட்டும் அவள் டைரி சரியான டைரி. இதைக் கண்டுபிடித்த அன்று நான் புரூப் அறையில் எழுந்து நின்று கைதட்டினேன். எதற்கென்று கேட்டவர்களிடம் கொசு என்று சொன்னேன்.)

"சூலக்கரைக்கு எந்த பஸ்சு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

5

ஒரு தகராறு. பிப்ரவரியில் இதன் முதல் படியை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கதை என்றால் இடைஞ்சல் வேண்டுமே என்று, அவள் புருசனைக் குடிகாரனாக்கி, லைசென்ஸை அடுப்பில் போடவைத்திருந்தேன்.

"எம் புருசன் சோலைச்சாமிய ஏன் சார் இப்பிடி ஆக்குனீக? அவரு ரெண்டாவது டீ கூடக் குடிக்க மாட்டாரு. ஞாயித்துக்கெழம லைசென்ஸத் தொடச்சு வைக்கதே அவருதான்."

"கதைல யாராவது தடுக்கணும்மா."

"அதான் நெசத்துலயே இம்புட்டுப் பேரு தடுக்காகள்ல. அது பத்தாதா?"

அடுப்பை அணைத்துவிட்டேன்.

6

மூன்று இருபது. ஆபீஸ் போன் அடித்தது. முதலாளி.

"புரூப் சார், மார்ச் பதினொன்னுக்கு வாக்கியம் எழுதுனது யாரு?"

'தவறை உடனே ஒப்புக்கொள்' என்று ஏதோ ஒரு மாதத்துக்கு எழுதியவன் நான். "அது வந்து முதலாளி, அந்த மாசம்..." என்றேன்.

"நீருதான. அந்தப் பிள்ள டைரியக் கொண்டாந்து காட்டிருச்சு. பஸ்ஸுல வந்து மொகமெல்லாம் வெளுத்துப் போயி, வாயைக் கழுவிட்டு வந்து கேக்கு. பக்கத்துல நாலு ஆபீசர் நிக்காக. என்னத்தச் சொல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சாமிய வேனை எடுத்துக்கிட்டு இங்கன வரச் சொல்லும். அது ஓட்டட்டும், நான் பின் சீட்டுல உக்காந்து வாரேன். அஞ்சரைக்கு வாசலுக்கு வந்திருவோம். பொம்பளைக ஏறுனா வேலை அதுக்கு. ஒருத்தரும் ஏறலைன்னா இனி அந்தப் பேச்சே கூடாது. அந்தப் பிள்ளையும் சரின்னுருச்சு."

நான் ஓடிப்போய்த் தங்கச்சாமியிடம் சொன்னேன். வழியில் இரண்டு மை டப்பாவைத் தட்டிவிட்டேன். இப்போது மணி நாலரை. சும்மா இருக்க முடியவில்லை, முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) எல்லாரும் ஓடி வந்து ஏறுகிறார்கள். முருகம்மாள் ஸ்டியரிங்குக்கு மாலை போடுகிறாள். பொய். முருகம்மாளை எனக்குத் தெரியும், மாலை போடுகிற ஆள் இல்லை.

(ஆ) ஒருவரும் ஏறவில்லை. அவள் சாவியை முதலாளி கையில்

(இதற்கு மேல் எழுத வரவில்லை. சட்னிக்காக எழுதிய வாக்கியத்தை நம்பி, மார்ச்சோடு நிற்கப்போகிற ஒரு மனுஷிக்கு இந்த வேலையும் இல்லாமல் போனால் நான் எந்த முகத்தோடு அடுத்த டைரிக்கு எழுதுவேன்?)

(இ) பின் சீட்டில் வந்த முதலாளி வாசலில் இறங்கி வாந்தி எடுக்கிறார்.

இதை எழுதிவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பைண்டிங்கிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனால் இதில் அவளுக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆகவே இதுவும் முடிவல்ல.

7

ஐந்து இருபத்தைந்து. வாசலில் நின்று எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேன் வந்துவிட்டது. தங்கச்சாமி மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திருப்புகிற சந்தில் அவள் இரண்டே தடவையில் திருப்பினாள். தங்கச்சாமி இறங்கி வேறெங்கோ பார்த்துக்கொண்டார். முதலாளி இறங்கினார். முகம் நன்றாகத்தான் இருக்கிறது, என் (இ) பொய்த்துப்போயிற்று.

வேனில் போகிற பெண்கள், அவளைத் தவிர இருபத்தொரு பேர், தூக்குவாளியோடு வரிசையாக நிற்கிறார்கள். யாரும் அசையவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறாள். யாராவது முதலில் ஏறினால் ஏறலாம் என்று இருபத்தொரு பேருமே நினைக்கிறார்கள், எனக்குத் தெரிகிறது. பாண்டிச்செல்வி கூப்பிடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறாள். கேட்கவேண்டியதை இன்றைக்குக் கேட்டாகிவிட்டது. 'ஒருவரிடம்' என்று எழுதித் தொலைத்தேனே, 'எல்லாரிடமும்' என்று எழுதியிருக்கக் கூடாதா?

நான் கதாசிரியன். ஒரு வரி போதும். எழுதுகிறேன்:

முருகம்மாள் முதல் ஆளாக வேனில் ஏறினாள்.

நிமிர்ந்து பார்க்கிறேன். முருகம்மாள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

ஆக, எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஊரை ஏவியவன், என்னை நான் ஒன்றுக்கும் ஏவியதில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போய் ஏறிவிட்டேன்.

"சார், ஒங்க பஸ்சு அங்கன. இது விருதுநகர் போகாது."

"தெரியும்மா."

"அப்பொறம் ஏன் ஏறுதீக?"

"கதைக்கு முடிவு வேணும்."

வெளியிலிருந்து முதலாளி குரல் வந்தது. "புரூப் சார், நீரு கணக்குல வர மாட்டீரு. பொம்பளைகன்னுதான் பேச்சு."

பாண்டிச்செல்வி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஏறுனது ஏறிட்டீக. வாசலை மறைக்காம உள்ள தள்ளி உக்காருங்க சார்" என்றாள்.

தள்ளி உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. என்ஜின் ஓடுகிறது, படி காலியாக இருக்கிறது. வெளியே இருபத்தொரு பேர். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிற உங்களையும் சேர்த்தால் இருபத்திரண்டு. யாராவது ஒருவர் காலைத் தூக்கி வையுங்களேன்.