இரண்டு மீனுக்கு ஒரு கோட்

1

இந்தக் கதை களவெடுத்தது. ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து வேரோனிக்கா எனக்குச் சொன்னாள். அவளோடு பக்ரரியில் பெட்டி கட்டும் லிங் என்ற சீனப் பெண் அவளுக்குச் சொன்னாள். லிங்குக்கு யார் சொன்னார்களோ. எழுத்தாளனுக்கு வெட்கம் ஏது?

2

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில் சீனாவில் போர் மூண்டபோது, ஒரு கணவனும் மனைவியும் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்து ஆளுக்குப் பாதியை

[வெட்டிவிட்டேன். பிரிந்த தம்பதி சேர்ந்தால் 'உடைந்த கண்ணாடி மறுபடி வட்டமானது' என்பார்களாம் சீனர்கள். வாசித்துக் காட்டினேன். வேரோனிக்காவுக்குப் பிடிக்கவில்லை.]

"ஊர்ச் சண்டைக்குள்ளை நானும் அவரும் ஒண்டாய்த்தான் கிடந்தனாங்கள் அண்ணை. இஞ்சை வந்துதான் பிரிஞ்சது. லிங் சொன்ன மீன் கதையை எழுதுங்கோ."

3

குளம் வற்றிவிட்டது. தரையில் கிடந்த இரண்டு மீன்கள் ஒன்றையொன்று எச்சிலால் நனைத்து உயிரைப் பிடித்துக்கொண்டன. கஷ்டத்தில் கைவிடாத தம்பதியை அந்த மீன்களைச் சொல்லித்தான் வாழ்த்துவார்களாம்.

தொண்ணூற்றொன்றில் வேரோனிக்காவுக்கும் கணவர் இக்னேசியசுக்கும் சேர்த்து ஒரேயொரு குளிர்கோட். இரவு வேலை முடிந்து அவர் ஷேர்போர்ன் சப்வே ஸ்ரேசனில் ரெயினால் இறங்குவார். பகல் வேலைக்குப் போக அவள் கோட் இல்லாமல் நடுங்கிக்கொண்டு வருவாள். மேடையில் கோட் கைமாறும், அவருடைய சூட்டோடு. பிறகு அவர் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். (இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. எழுதுகிறவன் கலங்கினால் கதை கெடும் என்பார்கள். கெடட்டும்.)

அடுத்த குளிருக்கு ஆளுக்கொரு கோட் வாங்கினார்கள். சப்வேயில் சந்திக்கத் தேவையில்லாமல் போயிற்று. அவர் ரெக்ஸ்டேலில் வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்தார். கிழமைக்கு ஒருதரம் வந்தார். பிறகு வரவில்லை. [நடுவில் ஒரு சண்டை வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.]

4

மிச்சக் கதையை லிங் போன கிழமைதான் சொன்னாளாம். எச்சிலால் நனைத்துக்கொண்டு கிடப்பதைவிட, ஆற்றிலும் ஏரியிலும் ஒன்றையொன்று மறந்து நீந்துவது மேல் என்றுதான் மூலக்கதை முடிகிறதாம். கலியாண வீட்டில் யார் அதைச் சொல்லப்போகிறார்கள்?

அதே கிழமை இக்னேசியஸ் ரெலிபோன் எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஷேர்போர்னிலை நிப்பன். அந்தப் பழைய கோட் என்னட்டைத்தான் கிடக்கு, கொண்டாறன். நீர் வந்தால் வீட்டை வாறன். வராட்டில் இனிக் கேக்கமாட்டன்."

5

முடிவு ஒன்று: அவள் ஓடிப்போய் அவரைக் கட்டி... (சினிமா.)

முடிவு இரண்டு: அவள் போகவில்லை. ரொறொன்ரோவில் ஏரிக்கா பஞ்சம்? (கெட்டித்தனம்.)

இரண்டையும் வாசித்தேன். வேரோனிக்கா தோய்த்த உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"போவன் எண்டும் எழுதாதையுங்கோ, போகமாட்டன் எண்டும் எழுதாதையுங்கோ. எனக்கே தெரியாது. கோட் போடாமல் வெளிக்கிட்டனெண்டால் உங்களுக்கு விளங்கும்தானே."

6

ஞாயிறு பின்னேரம். பனி கொட்டுகிறது. என் ஜன்னலுக்கு நேர் கீழே கட்டடத்து வாசல். கதவு திறக்கிறது. வேரோனிக்கா வெளியே வருகிறாள். அவள் உடம்பில்

திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அவள் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைப்படுகிறவன் சாட்சி சொல்லக்கூடாது.

உங்கள் வீட்டிலும் ஜன்னல் இருக்கும். எட்டிப் பாருங்கள்.